பத்தாயத்தின்மேல் படுக்கை

நாஞ்சில் நாட்டில் நெல் விளைவித்து வாழ்ந்த பழைய குடும்பங்களின் வீடுகளில், பட்டாசாலையைக் கடந்து உள்ளறைக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது, சுவரையொட்டி ஓர் ஆள் நீளத்துக்கு, இடுப்பளவு உயரத்தில், தரையில் படாதபடி குட்டைக் கால்களின்மேல் நிறுத்தப்பட்டிருக்கும் ஒரு பெரிய மரப்பெட்டியாகும். அதற்குப் பத்தாயம் என்று பெயர். அயனியாலோ பலாவாலோ, வசதி படைத்த வீடானால் தேக்காலோ, கனத்த பலகைகளை இழைத்துப் பொருத்திய அந்தப் பெட்டிக்குள், கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகங்களிலும் களத்திலிருந்து வந்த நெல், வேப்பிலையும் நொச்சியிலையும் இடையிடையே இடப்பட்டு, அடுத்த போகம்வரை பூச்சியும் எலியும் ஈரமும் அண்டாமல் பத்திரமாகக் கிடந்தது. மூடியைப் போட்டுப் பூட்டிவிட்டால் அது ஒரு சமதளமான மேடை. அதன்மேல் ஒரு பாயை விரித்து வீட்டுப் பெரியவர் உறங்கினார். நெல்லுக்குக் காவலும் ஆயிற்று, மனிதருக்குக் கட்டிலும் ஆயிற்று. இரண்டுக்கும் சேர்த்து அந்த அறை இழந்தது ஒரு கட்டிலுக்குரிய இடத்தை மட்டுமே.

இன்று நாகர்கோவில் கடைவீதியில், கீழே பெட்டி வைத்த கட்டில்களும், சுவரில் மடங்கும் மேஜைகளும், இருக்கையைத் திறந்தால் சாமான் வைக்க இடம் தரும் பெஞ்சுகளும் புதுமைகளாக விற்பனைக்கு வந்திருக்கின்றன. வாங்குகிறவர்கள் அவற்றை அந்நிய தேசத்துச் சாமர்த்தியம் என்று எண்ணி வாங்குகிறார்கள். அவர்களுடைய பாட்டனார் படுத்துறங்கிய பத்தாயத்துக்கும் அந்தக் கட்டிலுக்கும் தத்துவத்தில் யாதொரு வேற்றுமையும் இல்லை என்பதையும், சிறிய வீட்டைச் சௌகரியமாக ஆக்குகிற வித்தை நம் தச்சர்களுக்குக் கைவந்த வித்தையாக இருந்தது என்பதையும், அதை மீட்டுக்கொள்ள வேண்டிய காலம் இதுவே என்பதையும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறங்குமிடத்தின் அடியிலேயே பொருளைக் காக்கும் இந்த முறையை அரசர்களும் கைக்கொண்டிருந்தார்கள். தக்கலைக்கு அருகே, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய பத்மநாபபுரத்தில், 1750-ஆம் ஆண்டை ஒட்டி மார்த்தாண்ட வர்ம மகாராஜா கட்டுவித்த உப்பரிகை மாளிகை நான்கு நிலைகளை உடையது. கீழ்நிலையில் பொக்கிஷம், அதற்கு நேர் மேலே, பலவகை மூலிகை மரங்களால் கடைந்தெடுக்கப்பட்ட கட்டிலோடு கூடிய மன்னரின் பள்ளியறை, அதற்கும் மேலே ஓய்வறை, உச்சியில் பூஜையறை. பொக்கிஷத்தின்மேல் மன்னரும், நெல்லின்மேல் குடியானவரும் உறங்கிய அந்நாளில், உறங்குமிடமே காக்குமிடமாகவும் அமைவது இயல்பாக இருந்தது. அந்த அரண்மனையின் அறைகள் பலவற்றில் சுவரின் கனத்துக்குள்ளேயே மாடங்கள் குடையப்பட்டிருப்பதையும், வாளும் கட்டாரியும் அவற்றில் வைக்கப்பட்டிருந்தன என்பதையும், அங்கே செல்கிறவர்கள் கவனிக்க வேண்டும். ஆறரை ஏக்கர் பரப்புள்ள அரண்மனைக்கு இடப்பஞ்சம் இருந்திருக்க நியாயமில்லை. இருந்தும், தடித்த சுவரின் வயிற்றை வீணாக விட்டுவிட்டு அறையின் நடுவே ஓர் அலமாரியை நிறுத்துவது அந்தச் சிற்பிகளுக்குத் தோன்றவில்லை.

சாதாரண வீடுகளிலும் இதே ஒழுங்கு நிலவியது. விளக்குக்கு ஒரு மாடக்குழி, திருநீற்றுக்கும் கண்ணாடிக்கும் சீப்புக்கும் ஒரு மாடக்குழி, அடுக்களைச் சுவரில் உப்புச் சாடிக்கும் புளிப்பானைக்கும் பலகை பதித்த பிறைகள். தலைக்குமேல் மச்சு, அதில் ஆண்டுக்கொருமுறை வேண்டியிருக்கும் உருளியும் அண்டாவும். பாலும் தயிரும் பூனைக்கு எட்டாதபடி உத்தரத்திலிருந்து தொங்கும் உறி. அதே உத்தரத்தில் குழந்தைக்குத் தொட்டில். விலை உயர்ந்தவை அரங்கு என்னும் உள்ளறையில் இருந்தன. தரையில் நிரந்தரமாக நின்ற பொருள் என்று எடுத்துக்கொண்டால், பத்தாயத்தையும் ஓரிரண்டு பெட்டிகளையும் தவிர அதிகமாக ஒன்றும் இராது.

ஆயினும், இட நெருக்கடியை வென்றவர்கள் என்ற புகழைப் பத்தாயம் வைத்திருந்த வீட்டாருக்கே கொடுத்துவிடுவது நியாயமாகாது. அவர்களுக்கு நெல் இருந்தது, நிலம் இருந்தது, நான்கு கட்டு வீடும் இருந்தது. ஓரறையும் ஒரு சார்ப்புமாக ஓலை வேய்ந்த குடிலில் ஐந்தாறு பேர் வாழ்ந்த பனையேறிகளும் மீனவர்களும் உழவுத் தொழிலாளருமே இதில் ஆசிரியர்கள் ஆவார்கள். அவர்களுக்குப் பாயே பிரதானமான தளவாடம். காலையில் அது சுருண்டு மூலையில் நின்றுவிட, இரவில் பள்ளியறையாக இருந்த இடம் பகலில் ஓலை முடையும் தொழிற்கூடமாகவும், மதியத்தில் உண்ணும் இடமாகவும், மாலையில் பிள்ளைகள் படிக்கும் இடமாகவும் மாறியது. பனைநாரால் பின்னிய கட்டில் ஒரு பெண் தனியே தூக்கி முற்றத்துக்குக் கொண்டுபோகும் எடைதான். பகலில் அது சுவரில் சாய்ந்து நின்றது, வற்றல் காயப்போடும் பந்தலாகவும் பயன்பட்டது. ஓலைப்பெட்டிகளும் கடவங்களும் ஒன்றுக்குள் ஒன்று அடங்குமாறு அளவு குறைத்து முடையப்பட்டமையால், காலியாக இருக்கும்போது பல பெட்டிகள் ஒரு பெட்டியின் இடத்தையே பிடித்தன. மடங்குவது, அடங்குவது, தொங்குவது, ஒன்றே பலவாவது ஆகிய நான்கு உபாயங்களும் அந்தக் குடில்களில் நித்திய வழக்கமாக இருந்தவை. இன்றைய தளவாட நிபுணர்கள் ஐந்தாவது உபாயம் ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பெரிய வீடுகள் சிறுத்ததற்குக் காரணங்கள் பல. சொத்துரிமை மருமக்களுக்குச் சேரும் மருமக்கள் வழித் தாயத்தில் பிரிவினையின்றிக் கூட்டாகக் கிடந்த குடும்பங்களின் அவலத்தைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை தம் மருமக்கள்வழி மான்மியத்தில் சித்திரித்தது பலரும் அறிந்ததே. 1926-இல் திருவிதாங்கூர் அரசாங்கம் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை நிறைவேற்றியபின், சொத்தும் வீடும் பாகம் பிரிந்தன. அது நீதியான மாறுதல். ஆனால் நான்கு கட்டு வீடு நான்கு குடும்பங்களுக்கு ஒவ்வொரு கட்டாயிற்று. 1956 நவம்பர் முதல் நாள் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் உருவானபோது, மலையும் வயலும் குளமும் கடலும் நெருங்கி நிற்கும் அந்தச் சிறு நிலப்பரப்பில் ஜனத்தொகை ஏற்கெனவே மிகுதி. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாவட்டத்து மக்கள் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கும் மேல். நெல் விளைந்த வயல்கள் மனைகளாயின. ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. மூன்று சென்டில் வீடு என்பது இப்பொழுது நடுத்தரக் குடும்பத்துக்குச் சாதாரணம், அதற்குள் கிணறோ தொட்டியோ நடைவழியோ வேறு அடங்க வேண்டும்.

ஏழைகளுக்கு அரசாங்கம் கட்டித்தரும் வீடுகள் இன்னும் சிறியவை. 2011-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய பசுமை வீடு திட்டத்தில் வீட்டின் பரப்பு 300 சதுர அடியாக இருந்தது. மத்திய அரசாங்கத்தின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் குறைந்த அளவு 25 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 270 சதுர அடி. அண்மையில் வந்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை குளச்சலையும் கொட்டில்பாட்டையும் மணக்குடியையும் அழித்துச் சென்றபின், கரையோரங்களில் எழுந்த குடியிருப்புகளில் பல வீடுகள் 300 சதுர அடியைச் சற்றே கடந்தவை. அலை கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாகக் கான்கிரீட் கூரையொன்று கிடைத்தது பெரும் உபகாரம்தான். ஆனால் வலையும் மீன்பிடி சாமானும் பள்ளிப்பிள்ளைகளின் புத்தகமும் வயதான தாயாரின் படுக்கையும் எங்கே வைக்கப்படும் என்ற கேள்விக்கு அந்த வீடுகளின் வரைபடங்களில் பெரும்பாலும் விடை இல்லை. நான்கு சுவர்களும் வழவழவென்று பூசப்பட்டிருக்கும். ஒரு மாடக்குழிகூட இராது.

வீடு சிறுத்துக்கொண்டே போக, தளவாடம் பெருத்துக்கொண்டே போனதுதான் விசித்திரம். இந்த மாவட்டத்தில் கல்யாணம் முடிந்தபின் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குச் சென்று அடுக்களை காணும் சடங்கு ஒன்று உண்டு. அப்பொழுது பாத்திரம் பண்டங்களோடு கட்டில், மெத்தை, பீரோ, அலங்கார மேஜை, சோபா, உணவு மேஜை முதலியன லாரியில் ஏற்றிக்கொண்டு வரப்படுகின்றன. தம் பெண் குறையின்றி வாழ வேண்டும் என்ற பாசம் அதில் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், போய்ச்சேரும் அறையின் நீள அகலம் என்ன என்று யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. ஊரார் பார்வைக்கு எவ்வளவு பெரிதாகத் தோன்றும் என்பதே அளவுகோலாக இருப்பதால், புதுமணத் தம்பதிகள் தங்கள் அறைக்குள் பக்கவாட்டில் நடக்க நேர்கிறது. பெண்ணைப் பெற்றவர்களோ கடன்பட்டு நிற்கிறார்கள்.

பத்தடிக்குப் பத்தடி அறையொன்றை எடுத்துக்கொள்வோம். தரை 100 சதுர அடி. ஆறே கால் அடிக்கு ஐந்தடிக் கட்டில் 31 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். மூன்றடி அகலமுள்ள இரும்புப் பீரோவுக்கு 5 சதுர அடியும், அதன் கதவைத் திறந்து ஒருவர் நிற்பதற்கு மேலும் 6 சதுர அடியும் வேண்டும். நான்குக்கு இரண்டடி மேஜைக்கு 8, நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து உட்கார இன்னும் 8. ஏறத்தாழ 58 சதுர அடி போயிற்று. எஞ்சியதில் கதவு திறக்க வேண்டும், நடக்க வேண்டும், குழந்தை தவழ வேண்டும். ஆனால் அதே கட்டிலின் அடியில் ஓரடி உயரத்துக்குப் பெட்டி அமைத்தால் 31 கன அடி இடம் கிடைக்கிறது. ஆறரை அடி உயரமுள்ள அந்தப் பீரோவின் கொள்ளளவோ 29 கன அடிதான். அதாவது, பீரோ முழுவதும் கட்டிலுக்கு அடியில் அடங்கிவிடும். இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்கிற எந்தக் குடும்பமும், அதன்பின் பழையபடி தளவாடம் வாங்காது என்பது என் நம்பிக்கை.

ஒரே இடத்தைப் பலவாக்கும் யுக்தி எத்தனை தூரம் செல்லும் என்பதை அறியத் தூரதேசம் போக வேண்டுவதில்லை. நாகர்கோவில் சந்திப்பிலிருந்து இரவில் சென்னைக்குப் புறப்படும் எந்த ரயிலிலும் ஏறிப் பார்க்கலாம். பகலில் மூவர் சாய்ந்து உட்காரும் முதுகுப்பலகையே இரவில் தூக்கிக் கொக்கியில் மாட்டப்பட்டு நடுப்படுக்கையாகிறது. ஒருவர் படுக்கும் தரையின்மேல் மூவர் படுக்கிறார்கள், அவர்களுடைய பெட்டிகளும் கீழே அடங்குகின்றன. சிறுவனும் கிழவரும் அதை இயக்கக் கற்றுக்கொண்டிருப்பதே அந்த அமைப்பின் பெருமை.

ரயில் பெட்டியிலிருந்து பாடம் கற்ற ஓர் அம்மையாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு ஜெர்மனியில் வீட்டுப்பஞ்சம் கடுமையாக இருந்தபோது, பிராங்க்பர்ட் நகரசபை தொழிலாளர்களுக்காகச் சிறு வீடுகளை ஆயிரக்கணக்கில் எழுப்பியது. அவற்றுக்கு அடுக்களை வகுத்துத் தரும் பணி மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கி என்னும் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞரிடம் வந்து சேர்ந்தது. ரயிலின் சிற்றுண்டிப் பெட்டிகளில் ஓர் இடுக்கான மூலையில் நின்றபடி நூறு பேருக்குச் சமைத்துவிடுகிறார்களே, வீட்டில் மட்டும் ஏன் ஒரு பெண் நாள்முழுதும் அங்கும் இங்கும் நடந்து களைக்க வேண்டும் என்ற சிந்தனையிலிருந்து பிறந்தது, 1926-ஆம் ஆண்டின் பிராங்க்பர்ட் அடுக்களை.  அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், 70 சதுர அடிக்கு அதிகமில்லை. அரிசி, சர்க்கரை, பருப்பு முதலியவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்புச் செப்புகள், சுவரிலிருந்து இறங்கும் இஸ்திரிப் பலகை, உயரம் மாற்றக்கூடிய முக்காலி, இவற்றோடு, புழு அண்டாதென்று ஓக் மரத்தால் செய்த மாவுப்பெட்டி. சுமார் பத்தாயிரம் வீடுகளில் அது பொருத்தப்பட்டது. பத்தாயத்தில் வேப்பிலை இட்ட நம் பாட்டிமாரும், மாவுக்கு ஓக் பெட்டி தேர்ந்த அந்த அம்மையாரும் சந்தித்திருந்தால், ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

பிற தேசத்து முயற்சிகளைச் சுருக்கமாகக் கூறலாம். ஜப்பானியர் மெத்தையைக் காலையில் மடித்துச் சுவரலமாரிக்குள் வைத்துவிடும் வழக்கமுடையவர்கள். மாடிப்படியின் ஒவ்வொரு படிக்கும் கீழே இழுப்பறை அமைத்த மரப்படிகள் அவர்களுடைய பழைய வீடுகளில் உண்டு. சான் பிரான்சிஸ்கோவில் ஓரறை வீட்டில் வசித்த வில்லியம் மர்பி என்பவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுவரோடு நிமிர்ந்து மறையும் கட்டிலுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஹாங்காங்கில் கேரி சாங் என்ற கட்டடக் கலைஞர், பெற்றோரும் சகோதரிகளுமாகத் தம் குடும்பம் நெருங்கி வாழ்ந்த 344 சதுர அடி வீட்டையே பிற்காலத்தில், கூரைத் தண்டவாளத்தில் நகரும் சுவர்களைக் கொண்டு, 24 விதமாக மாற்றி அமைக்கக்கூடியதாக்கினார். கனவு இல்லத்தைவிட அது 16 சதுர அடி சிறியது. அவ்வளவு பொருட்செலவு நம்மவர்க்கு ஆகாது. ஆனால் பரப்பைக் குறைசொல்லிப் பயனில்லை என்பதற்கு அது தக்க திருஷ்டாந்தம்.

இனி, நம் வீட்டுக்கு எவை ஏற்றவை என்பதை ஆராய்வோம். கட்டிலின் கீழே பெட்டி அமைப்பதில் இருவகை உண்டு. மேற்பலகையை மெத்தையோடு தூக்கித் திறப்பது ஒருவகை; பக்கவாட்டில் இழுப்பறைகளாக வைப்பது மற்றொரு வகை. தூக்குவதில் உள்ளிடம் முழுவதும் பயன்படும், பக்கத்தில் காலி இடமும் வேண்டாம். ஆனால் மெத்தையின் கனத்தைத் தாங்க, வாயு அடைத்த தாங்குதண்டுகள் இருபுறமும் இருந்தாலொழிய ஒரு பெண் தனியே திறப்பது கடினம். இழுப்பறைக்குப் பக்கத்தில் ஒன்றரை முதல் இரண்டடிவரை வெற்றிடம் வேண்டும். ஆகையால் அறை குறுகலானால் தூக்கும் வகையும், அன்றாடம் எடுக்கும் துணிமணிக்கு இழுப்பறையும் பொருந்தும். எதுவானாலும், நான்கு அங்குலமாவது தரையைவிட்டு உயர்ந்திருக்க வேண்டும். சுவரிலிருந்து சற்று விலகியிருக்க வேண்டும். பக்கப்பலகைகளில் காற்றுப் போக்குவரத்துக்குத் துளைகள் வேண்டும். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும் இந்த மாவட்டத்தில், துளையில்லாத பெட்டியில் வைத்த பட்டுப்புடவை ஐப்பசி முடிவதற்குள் பூஞ்சணம் பூத்துவிடும். பத்தாயத்துக்குக் கால் வைத்தவர்கள் இதை அறிந்தே வைத்தார்கள்.

சோபாவைப் பற்றி என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: சிறு வீட்டில் அதற்கு இடமில்லை. மூவர் அமரும் சோபா ஆறுக்கு மூன்றடி, 18 சதுர அடியை எடுத்துக்கொண்டு, உட்காருவதைத் தவிர வேறொன்றுக்கும் உதவாது. அதற்குப் பதிலாக, ஜன்னலடியில் சுவரோடு சுவராக ஆறுக்கு ஒன்றரையடி அகலமும் ஒன்றரையடி உயரமுமுள்ள பெட்டிப் பெஞ்சு ஒன்றைச் செய்துவைத்தால், 9 சதுர அடியில் மூவர் அமரலாம், ஒருவர் படுக்கலாம், உள்ளே 13 கன அடி சாமான் வைக்கலாம். தெருத்திண்ணையை இழந்துவிட்ட நாம் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தோம் என்றும் ஆகும். பகலில் சோபாவாகவும் இரவில் கட்டிலாகவும் விரியும் தளவாடங்களையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவற்றின் கனமும் மடிப்பும் சிரமம் தருவதால், வாங்கிய சில வாரங்களில் அவை நிரந்தரமாக விரிந்தே கிடந்து, முன்னிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்கின்றன.

மடக்கும் பொருள்கள் அனைத்துக்கும் இது ஒரு முக்கியமான பரீட்சை. நாள்தோறும் அவற்றை மடக்குகிறவரும் விரிக்கிறவரும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. ஏற்கெனவே அடுக்களையிலும் கிணற்றடியிலும் வேலை பார்த்துக் களைத்த ஒருவர், ஒரு கையால், அரை நிமிஷத்தில் செய்துமுடிக்க இயலாத எந்த யந்திரமும் அவருக்குக் கூடுதல் சுமையே தவிர உதவியன்று. தையல் மிஷின் மேஜை இதற்கு நல்ல உதாரணம்: மிஷினை உள்ளே இறக்கி மூடினால் அதுவே எழுதுமேஜை, குழந்தை படிக்கும் மேஜை, இறக்குவதும் ஏற்றுவதும் எவ்வளவு சுலபம்! தலைமுறை தலைமுறையாக அது நம் வீடுகளில் நிலைத்ததற்கு அந்தச் சுலபமே காரணம்.

சுவரில் மடங்கும் உணவு மேஜை நான்கு பேர் குடும்பத்துக்கு மிகவும் ஏற்றது. இரண்டரை அடி உயரத்தில், கீல் வைத்த பலகை கீழ்நோக்கித் தொங்குமாறு அமைத்தால், மடங்கிய நிலையில் நான்கு அங்குலத்துக்குமேல் துருத்தாது. ஆனால் உள்ளீடற்ற சிமென்ட் கல்லால் கட்டிய சுவரில் சாதாரணத் திருகாணி நிற்காது. ஒரு குழந்தை சாய்ந்தாலே பெயர்ந்து வரும். வீடு கட்டும்போதே அந்த இடத்தில் ஒரு மரச்சட்டத்தைச் சுவருக்குள் பதித்துவிடுவதே உத்தமம். சுவரோடு நிமிர்த்தும் கட்டிலுக்கு இந்த ஜாக்கிரதை பன்மடங்கு வேண்டும். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவிடலாகாது. தடுப்புச் சட்டமும் இருக்க வேண்டும். ஒரு குழந்தை ஒளிந்துகொள்ளும் அளவுள்ள எந்தப் பெட்டிக்கும் தானே பூட்டிக்கொள்ளும் தாழ் வைக்கவே கூடாது, மூடி திடீரென விழாமல் தாங்கியும் வேண்டும். இந்த விஷயத்தில் செலவைக் குறைக்க எண்ணுவது பெரும் பாவம்.

உயரத்தை உபயோகிப்பதே மிக மலிவான வழி. ஏழடி உயரத்தில் ஒரு சுவர் முழுவதும் இரண்டடிப் பரண் ஓடினால், பொங்கல் பானையும், பெரிய உருளியும், கிறிஸ்துமஸ் குடிலும் நட்சத்திரமும், விருந்தாளிகளுக்கான தலையணையும் அங்கே ஏறிவிடும். அடுக்களை அலமாரியின் ஆழம் ஓரடிக்குமேல் போகலாகாது. ஆழமான அலமாரியில் பின்வரிசைப் பொருள் மறந்துபோகிறது, மறந்த பொருள் கெட்டுப்போகிறது. கடுகும் சீரகமும் மிளகும் வெந்தயமும் மஞ்சளும் ஒரே பார்வையில், ஒரே கைநீட்டத்தில் இருக்குமாறு செய்த அஞ்சறைப்பெட்டியின் ஒழுங்கை அடுக்களை முழுவதற்கும் விரித்தால் போதும்.

எந்த மரத்தால் செய்வது என்ற கேள்விக்கு இம்மாவட்டத்திலேயே விடை வளர்கிறது. தமிழ்நாட்டில் ரப்பர் பெருமளவில் பயிராவது குமரியின் மலையடிவாரத்தில்தான். அரசு ரப்பர் கழகம் 1984 முதல் இங்கே இயங்கிவருகிறது. ஏறத்தாழ முப்பது ஆண்டு வளர்ந்து, பால் வடித்து முடிந்தபின் வெட்டப்படும் ரப்பர் மரம், முன்பு பெரும்பாலும் விறகுக்கே போயிற்று. அறுத்தவுடன் போரான் உப்புக் கரைசலில் பதப்படுத்தி, சூளையில் ஈரம் நீக்கிவிட்டால், அது வெளிறிய நிறமும் நல்ல உறுதியும் உடைய தளவாட மரமாகிறது. பதப்படுத்தாமல் விட்டாலோ சில வாரங்களில் வண்டு துளைத்து, நீலப்பூஞ்சை படர்ந்து பாழாகிவிடும். ஆகவே வாங்கும்போது பதப்படுத்தியதா என்று கேட்டு நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். காட்டுத் தேக்கை வெட்டாமல், பணி முடித்த மரத்தைப் பயன்படுத்தும் இந்த வழி சிக்கனமானது, நாட்டுக்கும் நல்லது. ஒட்டுப்பலகை வாங்குவோர், அடுக்களையிலும் குளியலறைப் பக்கத்திலும் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, நீர் தாங்கும் வகையையே கேட்க வேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த மலிவான பலகை ஈரம் பட்டதும் உப்பி உதிர்ந்துவிடும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று இரும்புக் கீலை விரைவில் தின்றுவிடுவதால், கீலும் திருகாணியும் பித்தளையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருப்பது அவசியம்.

கடையில் வாங்குவதைவிட உள்ளூர் ஆசாரியிடம் செய்விப்பதே மேல் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கடைக்கட்டில் எல்லா வீட்டுக்கும் பொதுவான அளவில் வருகிறது. சிறு வீடோ, ஒவ்வொரு அங்குலத்துக்கும் கணக்குக் கேட்கிறது. ஜன்னலின் அடிவிளிம்பு எவ்வளவு உயரம், கதவு எப்பக்கம் திறக்கும், மாடிப்படியின் அடியில் எத்தனை அடி சரிவு என்பவற்றை வந்து பார்த்து அளந்து செய்கிறவர் ஆசாரி ஒருவரே. கோயில் தேரையும் அரண்மனைக் கூரையையும் செதுக்கிய பரம்பரை இந்த மாவட்டத்தில் இன்னும் வேரற்றுப் போகவில்லை. ஆனால் ஆயத்தத் தளவாடங்களின் வரவால் அவர்களில் பலர் வேறு பிழைப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அரசாங்கத்தின் வீட்டுத் திட்டங்களை வகுப்போருக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 300 சதுர அடி வீட்டின் வரைபடத்தில் இரண்டு மாடக்குழிகளையும், ஒரு சுவர்ப்பரணையும், ஜன்னலடியில் ஒரு பெட்டித் திண்ணையையும் சேர்த்துக் குறியுங்கள். கட்டும்போதே செய்தால் அதற்காகும் அதிகச் செலவு சொற்பம், பின்னால் சுவரை உடைத்துச் செய்வதோ அந்தக் குடும்பங்களால் இயலாத காரியம். பெண்ணுக்குச் சீர் கொடுக்கும் பெற்றோர்களே, லாரியில் சாமான் ஏற்றுமுன் அந்த அறையை அளந்து வரச் சொல்லுங்கள். பீரோவுக்கும் சோபாவுக்கும் ஆகும் பணத்தில் பாதியைக்கொண்டு, அறைக்குப் பொருந்தும் ஒரு பெட்டிக்கட்டிலைச் செய்து கொடுங்கள். சொந்தமாக வீடு கட்டுகிறவர்கள், அஸ்திவாரத்துக்குக் கயிறு பிடிக்கும் நாளில் கொத்தனாரோடு ஆசாரியையும் அழைத்து, கட்டில் எங்கே, மேஜை எங்கே, பரண் எங்கே என்பதைத் தீர்மானித்த பிறகே முதல் கல்லை வையுங்கள்.